குறட்டையும் இதயமும்: ஷிப்ட் வேலைக்குச் செல்வோர் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

"படுத்ததும் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார், அவ்வளவு நல்ல தூக்கம்" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. குறட்டை விடும் எல்லோரும் நோயாளிகள் அல்லர். ஆனால் உரத்த குறட்டை திடீரென நின்று, சில விநாடிகள் சத்தமே இல்லாமல் போய், பிறகு திணறலோடு மூச்சு திரும்புகிறது என்றால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. 'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும் இந்த நோய், தூக்கத்தைக் கெடுப்பதோடு இதயத்தையும் பாதிக்கிறது.

இந்தியாவில் இது அரிதான நோயும் இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நாட்டில் உழைக்கும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என மதிப்பிட்டது. 2022 பிப்ரவரியில் மும்பையில் 69 வயதில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் மரணத்துக்கும் இந்நோயையே மருத்துவர்கள் காரணமாகக் கூறினர்.

ஷிப்ட் வேலையில் மறையும் நோய்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் கார், டயர், செல்போன் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் ஷிப்ட் ஓடுகிறது. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குபவர் பகலில் படுக்கிறார். எழும்போது தலைவலி, நாள் முழுக்க அசதி, ஜும்ஆ பயானில் தூக்கம். கேட்டால் "நைட் ஷிப்ட், அப்படித்தான் இருக்கும்" என்பார். அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் விடுமுறையில் 8 மணி நேரம் தூங்கிய பிறகும் அதே அசதி இருந்தால், ஷிப்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

இதயத்தில் என்ன நடக்கிறது?

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அப்போது மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. 10 விநாடி அல்லது அதற்கு மேல் காற்று நின்றால் அது ஒரு தடை என்று கணக்கு. மணிக்கு 5 முதல் 15 தடைகள் லேசான நிலை. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30-க்கு மேல் கடுமையான நிலை.

ஒவ்வொரு தடையின்போதும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி உடலை உசுப்புகிறது. அட்ரினலின் பெருகி, இதயம் வேகமாகத் துடிக்க, இரத்த அழுத்தம் ஏறுகிறது. மூச்சு திரும்பியதும் மீண்டும் தூக்கம், மீண்டும் அடைப்பு. தூங்குபவருக்கு இது பெரும்பாலும் தெரிவதே இல்லை. வழக்கமாகத் தூக்கத்தில் 10 முதல் 20 சதவீதம் குறைய வேண்டிய பிரஷர், இவர்களுக்குக் குறைவதில்லை. இதயத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் உயர் இரத்த அழுத்தம், சீரற்ற இதயத் துடிப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. இத்தகைய நோய் உள்ளவர்களில் 40 முதல் 80 சதவீதம் பேருக்கு ஸ்லீப் ஆப்னியாவும் இருப்பதாக அமெரிக்க இதயச் சங்கம் 2021-இல் தெரிவித்தது. மூன்று பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் கட்டுப்படாதவர்கள், தூக்கப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் அவசியம் கேட்க வேண்டும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் டிஸ்பென்சரியில் சொல்லி, பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்கலாம். ஓர் இரவு தூங்கும்போது மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பைப் பதிவு செய்வதே பரிசோதனை. இரவுப் பணியில் இருப்பவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தாலே தடைகளின் எண்ணிக்கை சுமார் கால் பங்கு குறைவதாக ஆய்வு உண்டு. ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். தூக்க மாத்திரையை நாமாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. அது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்திவிடும். நடுத்தர, கடுமையான நிலைக்கு 'சிபாப்' கருவி முக்கியச் சிகிச்சை. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய இக்கருவி, முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிறது.

இந்தக் கருவி மட்டும் மாரடைப்பைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், கருவியால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் அதை அணிந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். பகல் தூக்கமும் வேலைக்கு விடுப்பு எடுப்பதும் அவர்களிடம் குறைந்தன. ஆகவே கருவியைத் தூங்கும் நேரம் முழுக்க அணிய வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளையும் நிறுத்தக் கூடாது.

பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்

மூச்சு நிற்பதை நோயாளியால் பார்க்க முடியாது. மனைவியோ பிள்ளைகளோதான் பார்க்கிறார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு, பக்கத்துப் பாயில் படுக்கும் நண்பரே சாட்சி. குறட்டையைக் கேலி செய்வதோடு விடாமல், "உங்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். செல்போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து அவரிடமே காட்டினால் மருத்துவருக்கும் உதவும்.

வாகனம் ஓட்டுபவர் என்றால் தாமதமே வேண்டாம். கம்பெனி பஸ்ஸையோ டிரெய்லரையோ ஓட்டும்போது கண் அசந்தால் பறிபோவது ஓர் உயிர் மட்டும் அல்ல.

வீட்டில் உள்ள பெண்களையும் மறந்துவிட வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் இந்நோய் கூடுகிறது. உரத்த குறட்டை இல்லாமல் தூக்கமின்மை, காலைத் தலைவலி, தீராத அசதி என்றே அது வெளிப்படலாம். "உம்மாவுக்கு வயசாகிவிட்டது" என்று நாம் கடந்துபோகும் அசதிக்கும் சிகிச்சை இருக்கக்கூடும்.