தந்தையின் பங்கைப் பூட்டி வைக்கும் பூச்சி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் வீட்டு வாசலில் ஒரு செம்பருத்திச் செடி வளர்ப்பவர்களுக்கு மாவுப்பூச்சியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் தளிரும் மொட்டும் கூடுமிடத்தில் அரிசி மாவைத் தூவினாற்போல் வெண்மை படியும், தளிர் சுருளும், எறும்புகள் சாரி சாரியாக ஏறும். கள்ளிப்பூச்சி என்றும் இதைச் சொல்வதுண்டு. வீட்டுக்காரர் சோப்புத் தண்ணீரையும் வேப்பெண்ணெயையும் மாற்றி மாற்றித் தெளிப்பார். விவசாயிக்கு இது இன்னும் பெரிய பகை. 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, மல்பெரி என்று பரவிற்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து வெளியிட்ட பின்னரே அது அடங்கியது.

இத்தகைய பூச்சிக்கு மரபியல் வரலாற்றில் ஒரு தனி இருக்கை உண்டு. ஒரு ஜீன் உடலில் இருந்தும் இல்லாததுபோல் எப்படி ஊமையாகிக் கிடக்கிறது என்ற கேள்வியை, உருப்பெருக்காடியில் கண்ணுக்குத் தெரியும்படி எழுப்பிய உயிரினங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கேள்வியைப் பூச்சியிலிருந்து மனிதனுக்குக் கொண்டு வந்தவர்களில் ஒருவர் நம் பெங்களூரில் பணியாற்றிய விஞ்ஞானி.

நாம் செடியில் காண்பவை பெரும்பாலும் பெண் பூச்சிகளும் குஞ்சுகளுமே. பெண்ணுக்கு இறகு கிடையாது. மெழுகுத்தூள் போர்த்து ஓரிடத்தில் அமர்ந்து சாறு உறிஞ்சும். ஆண் மிகச் சிறிய, இறகுள்ள பூச்சி. வளர்ந்த ஆணுக்கு உண்பதற்கு வாய்கூட இல்லை. சில நாட்களில் அதன் வாழ்வு முடிந்துவிடும். இவ்வளவு வேறுபட்ட ஆணுக்கும் பெண்ணுக்கும் குரோமோசோம்களில் என்ன வேறுபாடு? எலுமிச்சை வகைகளைத் தாக்கும் 'பிளானோகாக்கஸ் சிட்ரி' என்னும் இனத்தை எடுத்துக்கொள்வோம். ஆணுக்கும் பத்து, பெண்ணுக்கும் பத்து. தாயிடமிருந்து ஐந்து, தந்தையிடமிருந்து ஐந்து. மனிதனுக்கு இருப்பதுபோல் எக்ஸ், ஒய் என்ற பிரிவே இதற்கு இல்லை.

ஆனால் ஆண் பூச்சியின் உயிரணுக்களைச் சாயமேற்றிப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். ஐந்து குரோமோசோம்கள் இயல்பாக விரிந்து கிடக்க, மற்ற ஐந்தும் ஒன்றோடொன்று நெருங்கி, கருத்த ஒரு கட்டியாகத் திரண்டிருக்கும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஃபிரான்ஸ் ஷ்ரேடர் மாவுப்பூச்சியின் குரோமோசோம்களைப் பற்றி 1921-இலேயே எழுதினார். பின்னர் அவர் மனைவி சாலி ஹியூஸ்-ஷ்ரேடர் இவ்வகைப் பூச்சிகளின் குரோமோசோம் வினோதங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கரு வளர்ச்சியின் தொடக்கத்தில் எல்லாக் கருக்களும் ஒன்றுபோலவே இருக்கும். சில பிளவுகளுக்குப் பின், ஆணாகப் போகும் கருவில் மட்டும் பாதிக் குரோமோசோம்கள் கருத்துச் சுருங்கும்.

அந்தப் பாதி யாருடையது? இதற்கு ஐயத்துக்கு இடமின்றி விடை தந்த சோதனை 1961-இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் பிரவுன், வால்டர் நெல்சன்-ரீஸ் ஆகியோர் ஆண் பூச்சிகள்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவற்றின் குரோமோசோம்களைச் சிதைத்து, பின்னர் பெண்களோடு இணையவிட்டனர். மகள்கள் கருவிலேயே மடிந்தன, மகன்களோ பிழைத்தன! மகள் தந்தையின் குரோமோசோம்களைப் பயன்படுத்துகிறாள். அவை சிதைந்தால் அவள் மடிகிறாள். மகனுக்கு அவை எப்படியும் உபயோகமில்லை; ஆகவே சிதைந்தாலும் கவலையில்லை. தாய்க்குக் கதிர் பாய்ச்சினால் மகன், மகள் இருபாலும் மடிந்தன. ஆக, கருத்த கட்டி தந்தையின் பங்கு.

இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு தெளிவாக ஒரு விடையைத் தந்தது உயிரியலில் அரிது என்பது என் கருத்து. இதன் பின்விளைவும் வேடிக்கையானதே. ஆண் பூச்சி விந்தணுவை உண்டாக்கும்போது தன் தாயிடமிருந்து வந்த ஐந்தை மட்டுமே அதில் வைக்கிறது. தந்தையின் ஐந்தும் அழிந்துவிடுகின்றன. தந்தைவழிப் பாட்டனின் சொத்து பேரனுக்கு ஒரு காசும் வந்து சேராத குடும்பம் இது!

பூட்டப்பட்ட பங்கு என்றால் பூட்டு எது? இங்கே கதை சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். உயிரணுவின் உட்கருவில் சாயத்தை ஈர்க்கும் பொருளுக்கு வால்டர் ஃபிளெமிங் குரோமாட்டின் என்று பெயரிட்டார். 1884-இல் ஆல்பிரெக்ட் கோசெல் என்ற ஜெர்மானியர் வாத்தின் இரத்தத்திலிருந்து ஒரு புரோட்டீனைப் பிரித்து, ஹிஸ்டோன் என்றார். (பறவைகளின் சிவப்பணுக்களில் உட்கரு உண்டு; நமக்கு இல்லை. அதனால்தான் வாத்து.) 1928-இல் எமில் ஹைட்ஸ், எப்போதும் கருத்துச் சுருங்கியே கிடக்கும் குரோமாட்டின் பகுதிகளைக் கண்டு அவற்றுக்கு ஹெட்டிரோகுரோமாட்டின் என்று பெயர் சூட்டினார். டி.என்.ஏ.தான் மரபுப் பொருள் என்று நிலைநாட்டப்பட்ட பிறகு ஹிஸ்டோனின் மதிப்புக் குறைந்தது. நம் ஒவ்வோர் உயிரணுவிலும் சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. அடங்கியிருக்கிறது, அதைச் சுற்றி வைக்கும் நூற்கட்டைதான் ஹிஸ்டோன், வேறொன்றுமில்லை என்றே பலர் எண்ணினர். 1974-இல் ரோஜர் கோர்ன்பர்க் அந்த நூற்கட்டையின் அமைப்பைக் கூறினார். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருண்டை ஒன்று, அதன்மேல் டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றே முக்கால் சுற்று சுற்றியிருக்கும். இவ்வுருண்டைகள் மணிமாலைபோல் கோத்திருக்கும்.

ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1964-இல், வின்சென்ட் ஆல்ஃப்ரேயும் அவருடைய தோழர்களும் வேறொரு செய்தியைக் கூறியிருந்தனர். ஹிஸ்டோன்மீது அசிட்டைல் என்ற சிறு தொகுதி ஒட்டினால் ஜீன்களைப் படியெடுக்கும் பணிக்கு அது இடம் கொடுக்கிறது என்பதே அது. ஹிஸ்டோனின் லைசின்கள் நேர்மின்னேற்றம் கொண்டவை, டி.என்.ஏ. எதிர்மின்னேற்றம் கொண்டது, ஆகவே இரண்டும் இறுகப் பற்றும். அசிட்டைல் ஒட்டினால் லைசினின் மின்னேற்றம் நீங்கும், பிடி தளரும், ஜீன் வெளிப்படும். இதை அன்று பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1996-இல் டேவிட் ஆலிஸ், டெட்ராஹைமீனா என்னும் ஒற்றையணு உயிரியிலிருந்து அசிட்டைலை ஒட்டும் நொதியைப் பிரித்து, அது ஈஸ்டில் ஜீன்களை இயக்குவதாக ஏற்கனவே அறியப்பட்ட ஒரு புரோட்டீனின் உறவு என்று காட்டிய பிறகே எல்லோரும் திரும்பிப் பார்த்தனர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை ரைபோசோமுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றவர் என்றே நாம் அறிவோம். அவரும் இந்தத் துறையில் கைவைத்தவரே. 1993-இல் பறவைச் சிவப்பணுவின் எச்5 ஹிஸ்டோனின் நடுப்பகுதியையும், 1998-இல் அசிட்டைல் ஒட்டும் நொதி ஒன்றையும் படிக முறையால் உருவறிந்தவர்களில் அவர் ஒருவர்.

திறப்பது அசிட்டைல் என்றால், பூட்டுவது? 2000-இல் தாமஸ் யெனுவைனின் குழு விடை கூறியது. எச்3 என்னும் ஹிஸ்டோனின் வால்பகுதியில் 9-ஆம் இடத்திலுள்ள லைசின்மீது மெத்தில் தொகுதியை ஒட்டும் நொதி ஒன்று உண்டு. அந்தக் குறியைக் கண்டு எச்.பி.1 என்னும் புரோட்டீன் வந்து பற்றிக்கொள்ளும். பக்கத்து உருண்டைகளும் நெருங்கும், குரோமாட்டின் இறுகும். இந்த அறிவோடு மாவுப்பூச்சியிடம் திரும்பிய ஆராய்ச்சியாளர்கள் ஏமாறவில்லை. ஆணின் கருத்த கட்டியில் அசிட்டைல் குறைந்திருந்தது; 9-ஆம் லைசினில் மெத்தில் மிகுந்திருந்தது; எச்.பி.1-ஐப் போன்ற புரோட்டீனும் அங்கே குவிந்திருந்தது.

இனி பெங்களூருக்கு வருவோம். எச். சரத் சந்திரா இளமையில் மாவுப்பூச்சியின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். பின்னர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றினார். பாலூட்டிப் பெண்ணின் இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று ஊமையாகிறது என்று மேரி லயன் 1961-இல் கூறியிருந்தார். கங்காருவில் ஊமையாவது எப்போதும் தந்தையின் எக்ஸ்தான் என்பது பிறகு தெரியவந்தது. பூச்சிக்கும் பாலூட்டிக்கும் இடையே இருந்த இந்த ஒற்றுமையைச் சரத் சந்திராவும் பிரவுனும் கூர்ந்து நோக்கினர். பெற்றோரின் உடலிலேயே குரோமோசோமுக்கு ஒரு முத்திரை இடப்படுகிறது. பிள்ளையின் உடலில் அதன் நடத்தையை அம்முத்திரை தீர்மானிக்கிறது என்று 1975-இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். ஜீனின் எழுத்துக்கள் ஒன்றே. வந்த வழி வேறு. அதனால் விளைவும் வேறு. 1996-இல் சரத் சந்திரா, சஞ்சீவ் கோஸ்லா, வாணி பிரம்மச்சாரி முதலியோர் மற்றொரு மாவுப்பூச்சி இனத்தில், டி.என்.ஏ.யை வெட்டும் நொதிக்கும் மசியாத ஒரு குரோமாட்டின் பகுதி ஆணில் மட்டும் இருப்பதைக் கண்டனர்.

பூச்சிக்கு நேர்வது நமக்கும் நேருமா என்று மாணவர்கள் கேட்கலாம். நேர்கிறது, ஆனால் முழுத் தொகுதிக்கு அல்ல, சில ஜீன்களுக்கு. 1984-இல் அசிம் சுரானியின் குழுவும், மெக்கிராத், சோல்டர் ஆகியோரும் தனித்தனியே செய்த சோதனைகளில், தாயின் இரு பங்குகளை மட்டும் கொண்ட எலிக் கருவோ தந்தையின் இரு பங்குகளை மட்டும் கொண்ட கருவோ முழு வளர்ச்சி பெறவில்லை. மனிதனின் 15-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இருக்கிறது. தந்தையிடமிருந்து வந்த அப்பகுதி இல்லாமற்போனால் குழந்தை தளர்ந்த தசைகளோடு, பால் குடிக்கவும் வலுவின்றிப் பிறக்கும். சில ஆண்டுகளில் அடங்காப் பசி தோன்றி உடல் பருக்கும். இது பிராடர்–வில்லி நோய். தாயிடமிருந்து வந்த அதே பகுதி இல்லாமற்போனாலோ பேச்சு வராது, வலிப்பு வரும், காரணமின்றி அடிக்கடி சிரிப்பு வரும். இது ஏஞ்சல்மன் நோய். பிராடர்–வில்லிக் குழந்தைகள் சிலரிடம் எந்தப் பகுதியும் குறைவதில்லை, 15-ஆம் குரோமோசோம் இரண்டும் தாயிடமிருந்தே வந்துவிட்டன என்று 1989-இல் அறியப்பட்டபோது, முத்திரையின் வலிமை மருத்துவர்களுக்கு விளங்கிற்று.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அக்குழந்தையின் ஒவ்வோர் உயிரணுவிலும் தாயிடமிருந்து வந்த ஜீன்கள் பழுதின்றி இருக்கின்றன. பூட்டியிருப்பதால் மட்டுமே பயன்படவில்லை. பூட்டில் டி.என்.ஏ.மீது நேரே ஒட்டும் மெத்தில் குறிகளுக்கும் பங்குண்டு. மாவுப்பூச்சியில் கண்ட அதே 9-ஆம் லைசின் குறிக்கும் பங்குண்டு. 2017-இல் அமெரிக்க விஞ்ஞானிகள், இக்குறியை இடும் ஜி9ஏ என்ற நொதியைத் தடுக்கும் மருந்தைப் பிராடர்–வில்லிக் குறையுள்ள எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தனர். தாயின் ஜீன்கள் பேசத் தொடங்கின. இறக்க வேண்டிய குஞ்சுகளில் பல பிழைத்தன. எலியில் பலித்தது குழந்தைக்குப் பலிக்கும் என்று அவசரப்படலாகாது. இந்நொதி உடலெங்கும் எண்ணற்ற பூட்டுகளைக் காப்பது. ஒன்றைத் திறக்கப் போய் வேறு பல திறந்துகொள்ளக்கூடும். அசிட்டைலை நீக்கும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட் என்ற மருந்து, தோலைத் தாக்கும் ஒருவகை இரத்தப் புற்றுக்காக 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் பிறந்த குழந்தைக்குத் தரும் மருந்தில் அபாயக் கணக்கே வேறு.

மாவுப்பூச்சி இந்த வேலையைத் தானாகவே செய்துகொள்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆண் பூச்சியின் எல்லாத் திசுக்களிலும் தந்தையின் பங்கு பூட்டிக் கிடப்பதில்லை. குடலின் சில பகுதிகளிலும், கழிவை நீக்கும் மால்பீஜியன் குழாய்களிலும் கருத்த கட்டி அவிழ்ந்து, அந்த ஐந்து குரோமோசோம்களும் மீண்டும் பணிக்கு வருகின்றன. இதை ஊசி நூர் என்ற விஞ்ஞானி 1967-இல் எழுதினார்.