'மூடு வரட்டும்'னு காத்திருக்கீங்களா? லேசான மனச்சோர்விலிருந்து மாத்திரை இல்லாமல் மீளும் வழிகள்!

அலாரம் அடிக்குது, அணைச்சுட்டுத் திரும்பிப் படுத்துடறீங்க. நண்பனோட மெசேஜுக்கு மூணு நாளா பதில் போடலை. பிடிச்ச பாட்டு, பிடிச்ச பிரியாணி எதுலயும் மனசு ஒட்டலை. யாராவது கேட்டா, "ஒண்ணுமில்ல, டயர்டா இருக்கு!"

ஓரிரு நாள் இப்படி இருந்தால் சாதாரண சோர்வு. பெரும்பாலான நேரம் இப்படியே இருந்து, இரண்டு வாரங்களுக்கும் மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம்.

லேசானதுதானா?

டாக்டர்கள் 'பி.ஹெச்.க்யூ 9' என்ற கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 5 முதல் 9 வரை வந்தால் லேசான பாதிப்பு. 10-ஐத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது பற்றியது. அதற்கு 'ஆமாம்' என்றால், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் உடனே உதவி தேவை.

தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 குறைபாடு போன்றவையும் இதே மாதிரி சோர்வைத் தரும். அதனால ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கறது நல்லது.

பாதிப்பு லேசானதாக இருந்தால், வழக்கமாக மாத்திரையை முதல் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

முதலில் செயல், பிறகுதான் மூடு

'மனசு சரியானதும் வெளியே போகலாம்' என்று நினைப்பீர்கள். சிக்கலே அங்கேதான். வெளியே போகாததால் சந்தோஷம் தரும் விஷயங்கள் குறையும். அதனால் மனசு இன்னும் சோரும். இந்தச் சுழலைச் செயலில் இருந்து உடைக்கும் முறைக்கு 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' என்று பெயர். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்களே ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் இதைக் கற்றுத்தந்தார்கள். லேசானதைவிடத் தீவிரமான மனச்சோர்வுக்கே அது பலன் தந்ததாக 2017-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

நீங்கள் எப்படித் தொடங்கலாம்?

நேரம், இடம் குறியுங்கள்: 'நாளைக்கு வாக்கிங்' என்று எழுதாதீர்கள். 'மாலை 6 மணி, ஏரிக்கரை, 10 நிமிடம்' என்று எழுதுங்கள். முன்னும் பின்னும் உங்கள் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று போனில் குறியுங்கள். 3 என்பது 4 ஆனாலே லாபம்தான்.

நடங்கள்: 218 ஆய்வுகளை அலசி 2024-ல் பி.எம்.ஜே இதழில் வந்த கட்டுரை, நடை, ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைப்பதாகச் சொன்னது. ஜிம் ஃபீஸ் தேவையில்லை. ஆவடிப் பக்கம் இருப்பவர்களுக்கு, 2019-ல் பசுமைப் பூங்காவாக மாறிய பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதை இருக்கிறது. உங்க ஊர்லயும் ஒரு குளக்கரையோ மைதானமோ இருக்கும்தானே?

எழும் நேரத்தை மாத்தாதீங்க: எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்து, காலை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். போனை கைக்கு எட்டாத தூரத்தில் சார்ஜ் போடுங்கள்.

ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க: "கொஞ்ச நாளா மனசு சரியில்லடா. அட்வைஸ் வேணாம், கூட நடக்க மட்டும் வா." இது போதும்.

'ஒரு பீர்' வேண்டாம்: அந்த நேரத்துக்கு மறக்கும். தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் சோர்வைக் கூட்டும்.

எப்போது டாக்டர்?

சில வாரங்கள் முயன்றும் மாற்றம் இல்லை, வேலையோ படிப்போ பாதிக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது தோல்வி இல்லை. சிலருக்கு மாத்திரை அவசியம்தான். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், இதைப் படிச்சுட்டு நீங்களாகவே நிறுத்திடாதீங்க.

மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தற்கொலை எண்ணம் வந்தால், சென்னை 'சிநேகா' அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இன்று ஒரே ஒரு வேலை: அந்த நண்பனுக்கு 'எப்படி இருக்க?'ன்னு ஒரு வரி அனுப்புங்க. மூடு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்!