பிரெஞ்சுப் பள்ளித் தாதிமாரும் அவசரக் கர்ப்பத்தடையும்

கர்ப்பத்தடை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொள்வோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. நாகரிகத்தில் முதன்மை பெற்றதாகச் சொல்லப்படும் பிரெஞ்சு தேசமும் இதற்கு விலக்கன்று. அங்கு 1920-இல் ஏற்பட்ட சட்டம் கர்ப்பத்தடைப் பிரசாரத்தையே குற்றமாக்கிற்று. 1967-இல்தான் கர்ப்பத்தடைக்கு அனுமதி பிறந்தது. அப்பொழுதும் வைத்தியர் சீட்டின்றி மாத்திரை கொடுத்தல் கூடாதென்ற விதி நின்றது.

அவசரக் கர்ப்பத்தடை என்பது யாதெனில், சேர்க்கைக்குப் பின்னர் உட்கொள்ளும் மாத்திரையாகும். அவற்றுள் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்பது சூலகத்தினின்று முட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துகின்றது. தரித்துவிட்ட கர்ப்பத்தை அது கலைப்பதில்லை. இதனை அறியாத தாதி, கருச்சிதைவுக்கு உடந்தையாகிறோமோ என்றஞ்சிப் பெண்ணைத் திருப்பி அனுப்பக்கூடும். அனுப்பினால் நஷ்டமென்ன? உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியொன்று 1998-இல் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்திற்குள் உட்கொண்டால், உண்டாகக்கூடிய கர்ப்பங்களில் நூற்றுக்கு 95 தடைபடுமென்றும், மூன்றாம் நாளில் அது 58 ஆகக் குறையுமென்றும் அது கண்டது. செக்ரோலில் ஆள்கணக்குப் பார்த்துப் பழகிய எனக்கு, இவ்விரண்டு எண்களுக்குமிடையில் நிற்கும் பெண்மக்கள் வெறும் கணக்காகத் தோன்றவில்லை.

நிற்க. 1999-இல் இம்மாத்திரை பிரெஞ்சு மருந்துக் கடைகளில் சீட்டின்றியே கிடைக்கலாயிற்று. அவ்வாண்டின் இறுதியில், பள்ளிக் கல்வி மந்திரியாயிருந்த செகோலேன் ருவாயால் அம்மையார், பள்ளித் தாதிமாரும் இதனை மாணவிகளுக்குக் கொடுக்கலாமென உத்தரவிட்டார். குடும்பப் பாதுகாப்பின் பெயரால் இயங்கிய சங்கங்கள் வழக்காடின. 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இது முரணானதென்று, 2000 ஜூனில் அரசாங்க உயர் நியாய சபை உத்தரவைத் தள்ளிவிட்டது. மே மாதத்தில் தாதிக்குத் தெரிந்திருந்த வைத்திய உண்மை ஜூலையில் பொய்யாகிவிட்டதா? இல்லை. கொடுக்கும் உரிமை மாத்திரமே போயிற்று.

பார்லிமெண்டு வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே புதுச் சட்டம் நிறைவேறிற்று. வைத்தியரோ குடும்பக் கட்டுப்பாட்டு நிலையமோ உடனே கிட்டாதவிடத்து, விசேஷ சந்தர்ப்பமாகக் கருதித் தாதியே மாத்திரையைத் தரலாமென்று அச்சட்டம் அப்பொழுது விதித்தது. பெற்றோர் சம்மதம் கட்டாயமன்று. மாணவிக்குப் பின்னர் வைத்தியக் கவனிப்புக் கிடைக்கச் செய்தல் தாதியின் கடமை. விதிமுறைகள் 2001-இல் வெளியாயின.

எனினும் சட்டம் எழுதியதைப்போல் நாட்களை எழுத முடியாதே! பல பள்ளிகளுக்கு ஒரே தாதியாக அலைவோர் அத்தேசத்தில் அநேகர். திங்களன்று வந்து கதவைத் தட்டும் பெண்ணுக்கு, தாதி வியாழனன்றுதான் வருவாரென்று விடை கிடைத்தால், அந்த 72 மணி நேரம் கதவுக்கு வெளியிலேயே கழிந்துபோகும்.