ஓம் பிறந்த கதை: கராச்சிக்கு வந்த கம்பி

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்துல இருக்கிற விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். பீங்கான் மின்சாரத்தை எவ்வளவு தடுக்குதுன்னு மெகர் கருவி மெகா ஓம் கணக்குல காட்டும். இந்த ஓம் எங்கிருந்து வந்தது?

பாடப்புத்தகம் ஜார்ஜ் ஓம் பேரைச் சொல்லி நிறுத்திடும். 1827ல அவர் விதியை வெளியிட்டது உண்மைதான். ஆனா 1854ல அவர் இறந்தபோது அந்தப் பேர்ல எந்த அலகும் கிடையாது. அலகு வேணும்னு அவசரம் வந்தது கடலடித் தந்திக் கம்பிகளால. அதுல ஒண்ணு நம்ம பக்கம் வந்தது.

1857 கிளர்ச்சியப்போ இந்தியச் சேதி லண்டன் போக வாரக்கணக்காச்சு. அதனால சூயஸிலிருந்து ஏடன் வழியா கராச்சி வரைக்கும் 1859-60ல செங்கடல் கம்பியைப் போட்டாங்க. முதல் 8 லட்சம் பவுண்டு. கம்பி ஓடுனாலும் ஓடாட்டியும் 50 வருஷத்துக்கு 4½ சதவீதம் தர்றதா பிரிட்டிஷ் அரசு உறுதி கொடுத்தது. கம்பி சீக்கிரமே செத்துப்போச்சு. உறுதி மட்டும் சாகலை!

கடலுக்குள்ள எங்க பழுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கரையிலிருந்து மின்தடையை அளந்து, ஒரு மைலுக்கு உள்ள தடையால வகுக்கணும். ஆனா யாரோட மைல்? இங்கிலாந்துல 16ஆம் நம்பர் செம்புக் கம்பி ஒரு மைல், பிரான்சுல 4 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி ஒரு கிலோமீட்டர். செம்போட தரமும் ஆலைக்கு ஆலை மாறும். கணக்குல 30 சதவீதம் தப்பினா, 100 மைல்ல இருக்கிற பழுதை 130 மைல்ல போய்த் தேடணும்.

செங்கடல் கம்பியைச் சோதிச்ச வெர்னர் சீமென்ஸ் 1860ல ஒரு வழி சொன்னார்: 1 மீட்டர் நீளம், 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு, 0 டிகிரியில பாதரசம். பாதரசத்தைச் சுத்தம் பண்ணிட்டா எந்த ஊர்லயும் ஒரே தடைதான். அடுத்த வருஷமே பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் ஒரு குழு போட்டது. அறிஞர்கள் பேரை அலகுக்கு வைக்கலாம்னு சொன்னவங்க லாட்டிமர் கிளார்க், சார்லஸ் பிரைட். வேடிக்கை என்னன்னா, அவங்க 'ஓமா'ன்னு சொன்னது மின்னழுத்தத்துக்கு, 'வோல்ட்'னு சொன்னது மின்தடைக்கு. அப்புறம்தான் இடம் மாறுச்சு.

அதே பிரைட் 1864ல பாரசீக வளைகுடா வழியா கராச்சிக்குக் கம்பி போட்டார். அது நின்னுது, 1865ல லண்டனோட தந்தித் தொடர்பு வந்தது. ஓமை 1881ல பாரிஸ் மாநாடு ஏத்துக்கிட்டது. 1893ல சிகாகோவுல அதைத் திரும்பப் பாதரசத்தாலயே வரையறுத்தாங்க, நீளம் மட்டும் 106.3 சென்டிமீட்டர்.