அதிர்ச்சிக்கு ஒரு தேசப்படம்



எம்மூர்க் கோயில் மணி ஒன்றே. ஆயினும் மண்டபத்தில் நிற்பார்க்கு அது பேரொலி. கடற்கரையில் வலை உலர்த்துவார்க்கு மெல்லோசை. பூமியதிர்ச்சியும் அத்தகையதே. அதன் பருமன் ஒன்று. அது ஊருக்கு ஊர் விளைக்கும் ஆட்டமோ வேறு வேறு. அவ்வேறுபாட்டைத் தேசப்படத்தில் வரைந்து காட்டும் முயற்சியின் வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

1857 டிசெம்பரில் தென் இத்தாலியில் ஒரு பேரதிர்ச்சி பல ஊர்களை அழித்தது. அயர்லாந்துப் பொறியியலாளர் றொபேட் மலற் அங்கு சென்று, சுவர்களின் வெடிப்புகளை ஆராய்ந்து, ஒத்த அளவு சேதமுற்ற ஊர்களைக் கோடுகளாற் பிரித்துக் காட்டினார். மாணவர் அறிந்த சமவுயரக் கோடுகளைப் போன்ற இவற்றைச் சமநடுக்கக் கோடுகள் எனலாம்.

இம்முறை நம் அயல்நாட்டிற் பெருஞ்சோதனைக்கு உள்ளானது 1897 யூன் 12ஆம் நாள் மாலையில். அன்று அசாம் அதிர்ந்தது. சில்லோங் நகரின் கற்கட்டடங்கள் கணப்பொழுதில் தரைமட்டமாயின. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் றிச்சட் டிக்சன் ஓல்டாம் இதனை ஆராய்ந்தார். நாடெங்கும் அதிர்வு பதியும் கருவிகள் அன்று இல்லை. கண்டவர் எழுதிய கடிதங்களும், உத்தியோகத்தர் அறிக்கைகளும், பத்திரிகைச் செய்திகளும், தம் குழுவினர் நேரிற் கண்டவையுமே அவருக்குக் கருவிகளாயின.

அவர் நாட்டை ஆறு படிகளாக வகுத்தார். முதற்படியில், கல்லாலும் செங்கல்லாலும் ஆன கட்டடங்கள் அநேகமாக முற்றும் அழிந்தன. நான்காம் படியில், எல்லாரும் அதிர்வை உணர்ந்தனர், தளபாடங்கள் அசைந்தன, சேதமோ அரிது. ஆறாம் படியில், அமைதியாக இருந்தோரும் படுத்திருந்தோருமாகிய சிலரே அதனை அறிந்தனர். அதிர்ச்சி உணரப்பட்ட பரப்பு ஏறத்தாழ 17½ இலட்சம் சதுர மைல் என்றார் ஓல்டாம். அஃது இலங்கையின் பரப்பைப் போல் அறுபது மடங்குக்கும் மேலாம். அவருடைய அறிக்கை 1899இல் வெளிவந்தது.

2003இல் ஆம்பிரசீஸ், பில்ஹாம் என்னும் இரு அறிஞர் அப்பழைய சாட்சியங்களை மீண்டும் ஆராய்ந்து, பல இடங்களில் ஆட்டம் முன்னர் மதிக்கப்பட்டதிலும் குறைவே என முடிவு செய்தனர். நூறாண்டின் பின்னரும் திருத்தம் செய்ய முடிந்தது, அன்று பலர் எழுதிவைத்தமையாலன்றோ?

எழுத்து இல்லாவிடத்து நேர்வது யாது? இந்தியாவில் 1962இல் கட்டடங்களுக்கான அதிர்ச்சி வலயப் படம் ஒன்று வகுக்கப்பட்டது. முற்கால அதிர்ச்சிகளின் பதிவுகளே அதற்குப் பெரிதும் ஆதாரம். அதில் மகாராட்டிரத்துக் கொய்னாப் பகுதி அபாயம் மிகக் குறைந்ததென மதிக்கப்பட்டிருந்தது. 1967 டிசெம்பர் 11இல் கொய்னா அதிர்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1970இற் படம் திருத்தப்பட்டது. பதிவு இல்லாமை அபாயம் இல்லாமைக்குச் சான்றாகாது என்பதை மக்கள் உயிர் கொடுத்துக் கற்றனர்.

நம் நாட்டிற் பல்லேகலையில் இன்று நுட்பமான கருவி உண்டு. எனினும் ஒரு கருவி தான் நிற்கும் நிலத்தின் ஆட்டத்தையே சொல்லும். சுண்ணாம்புக் கல்லின் மேலமைந்த வீடும் ஆழ்ந்த மணலின் மேலமைந்த வீடும் ஒருபடித்தாய் ஆடா. 2012 ஏப்பிரில் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிகழ்ந்த பேரதிர்ச்சி இலங்கையிற் பல இடங்களில் உணரப்பட்டது. கரையோர மக்கள் மேட்டுநிலம் நாடினர். அன்று சரவணையில் உணர்ந்தவர் யார், உணராதவர் யார்? எழுதிவைத்த குறிப்பொன்றையும் நான் கண்டதில்லை. ஆசிரியனாகிய நானும் எழுதிவைத்தேனல்லேன். அக்குறை இன்றும் என் மனத்தை உறுத்துகின்றது.

ஒவ்வொரு பாடசாலையிலும் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. பரிசோதகர் வருகையும் பரிசளிப்பு விழாவும் ஏறும் அப்புத்தகத்தில், நிலம் அசைந்த நாளும் ஏறட்டும். நேரம் என்ன? இருந்தீரா, நின்றீரா? தொங்கிய விளக்கு ஆடிற்றா? கிணற்று நீர் அலைந்ததா? இவ்வளவே போதும். ஒன்றும் உணரவில்லை என்று எழுதினும் அதுவும் சாட்சியமே. நாளை படம் வரைவோன் தீவுப்பகுதியை வெற்றிடமாக விடாதிருக்க, அவ்வொருவரி உதவும்.