கணக்குக் காட்டாதார்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் பணிபுரியும் எழுத்தர் ஒருவரை, ஏதோ ஓர் உதிரிபாகம் வாங்கிவர அவருடைய நிறுவனம் பாரிமுனைக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ரயில் கட்டணம், ஆட்டோ வாடகை, பகலுணவு எல்லாவற்றிற்கும் அவர் கையில் முன்பணம் தரப்படுகிறது. மறுநாள் காலை அவர் செய்யும் முதல் வேலை, காசாளரின் மேசைக்குச் சென்று சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, வவுச்சரில் கையெழுத்திட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பதேயாகும். இதனை அவர் அவமானமாகக் கருதுவதில்லை. பிறர் பணத்தைக் கையாண்டவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவருக்கு எவரும் கற்றுத்தர வேண்டிய பாடமன்று.

அதே எழுத்தர் வாங்கும் சோப்புக்கட்டி வரையில் வரி செலுத்துகிறார். அவ்வரிப் பணத்திலிருந்து பயணம் செய்து, விருந்தளித்து, பொருள் வாங்கும் அரசு அலுவலரை நோக்கி, "ஐயா, சீட்டைக் காட்டுங்கள்" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டா? அரசுச் செலவுக்கென வங்கி அட்டைகள் பல நாடுகளில் அலுவலரின் சட்டைப்பைக்குள் நுழைந்துவிட்ட இக்காலத்தில் இக்கேள்வி புதியது போலத் தோன்றலாம். உண்மையில் அது மிகப் பழையது. அதன் முதற்பக்கங்களுள் ஒன்று நம் வீட்டருகிலேயே கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரியுமுன் நாமும் உத்திரமேரூர் மக்களும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தினர். அவ்வூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-இல், வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். முப்பது குடும்புகள், குடவோலை, பானைக்குள் கையிட்டு ஓலை எடுக்கும் சிறுவன் ஆகியவை நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் அக்கல்வெட்டின் கூர்மையான பகுதி தேர்தல் முறையன்று, தகுதியின்மைப் பட்டியல்தான். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலிய எந்த வாரியத்தில் பணியாற்றியவரானாலும், கணக்குக் காட்டாதிருந்தால் அவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவர் மட்டுமா? அவருடைய தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனர் என்று உறவுமுறை நீள்கிறது. இத்தனை பேருடைய பெயரும் குடத்திற்கு வெளியே நிற்கும். பணத்தை எடுத்தவன் அதனைத் தன் பெயரில் வைத்திருக்கமாட்டான் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் அறிந்திருந்தனர் போலும்!

கணக்கெழுதுவோனுக்கும் ஒரு விதி உண்டு. அவன் எழுதிய கணக்கை அவனே கொண்டுவந்து காட்டவேண்டும். அவனுக்குப் பதிலாக வேறொரு கணக்கன் வந்து அதனை முடித்துவைத்தல் கூடாது. அவன் நேர்மையானவன் என்று பெருமக்கள் கண்டறியும்வரை மறுபடியும் அப்பணி அவனுக்கு இல்லை. "அது எனக்கு முன்பிருந்த அதிகாரி காலத்துச் செலவு" என்ற பதிலை அரசு அலுவலகங்களில் கேட்டுப் பழகிய நமக்கு இவ்விதியின் அருமை விளங்கும்.

இதனைப் பொற்காலம் என்று போற்றிவிட நாம் விரும்பவில்லை. அவ்வூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கே குடத்தில் இடம். ஏரியின் மதகைத் திறந்துவிட்டவரும் வயலில் நாற்று நட்டவரும் கணக்குக் கேட்கும் அவையில் இல்லை. யாரிடம் கணக்குக் காட்டுவது என்ற கேள்வி அங்கே பாதியில் நின்றுவிட்டது.

மீதிப் பாதியை நிரப்ப முனைந்தவருள் ஒருவர் ஒரு கிராமத்துக் குருவானவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையளிக்கக்கூடும். ஆண்டர்ஸ் சூதேனியஸ் என்னும் அந்த லூத்தரன் குரு, அன்று சுவீடனுடன் இணைந்திருந்த பின்லாந்தைச் சேர்ந்தவர். நாட்டு மன்றத்தில் குருக்களின் பிரதிநிதியாக அமர்ந்து, அரசு அலுவலக ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கவும் அச்சிடவும் உரிமை வேண்டும் என்று வாதாடினார். 1766 டிசம்பர் 2-இல் அது சட்டமாயிற்று. அரசின் நாணயக் கொள்கையைக் கண்டித்து எழுதியதற்காக, அதற்குச் சில மாதங்கள் முன்னரே அவர் மன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்!

அம்மரபு வளர்ந்த நாட்டில்தான் 1995 அக்டோபரில் அட்டைச் செலவு ஓர் அரசியல் வாழ்வையே உலுக்கியது. துணைப் பிரதமர் மோனா சாலின், அடுத்த பிரதமர் ஆவார் என்று பெரிதும் எதிர்பார்க்கப்பட்டவர். அரசு தந்த அட்டையில் அவர் 50,000 குரோனாவுக்கு மேல் சொந்தச் செலவு செய்திருந்ததாக எக்ஸ்பிரசன் நாளேடு வெளியிட்டது. பட்டியலில் இரண்டு டாப்ளரோன் சாக்லேட்டுகளும் இருந்தமையால் அவ்விவகாரத்திற்கு அந்த இனிப்பின் பெயரே நிலைத்துவிட்டது. பணத்தைத் திருப்பிச் செலுத்தியதாகவும், அதனைச் சம்பள முன்பணமாகவே கருதியதாகவும் அவர் கூறினார். அரசு வழக்கறிஞர் குற்றவழக்குத் தொடுக்கவில்லை. எனினும் நவம்பரில் அவர் போட்டியிலிருந்து விலகினார். பிற்காலத்தில் அமைச்சராகவும் 2007-இல் கட்சித் தலைவராகவும் மீண்டும் வந்தார் என்பதையும் சொல்வதே நியாயம்.

பிரேசில் நாட்டில் 2008-இல் இதே கதை. அங்கே அரசு 2004-இல் தொடங்கிய செலவுத் தளத்தில் அட்டைக் கணக்குகளும் வெளியாயின. தீர்வையில்லாக் கடையில் அரசு அட்டையைப் பயன்படுத்திய அமைச்சர் மாட்டில்டே ரிபெய்ரோ பதவி விலகினார். இன்னோர் அமைச்சர் எட்டு ரியாலுக்கு வாங்கிய மரவள்ளி அடை நாடெங்கும் நகைப்புக்கிடமாயிற்று. பிரிட்டனில் 2011-இலிருந்து நடுவண் துறைகளின் 500 பவுண்டுக்கு மேற்பட்ட அட்டைச் செலவுகளை வெளியிடும் வழக்கம் வந்தது. சாக்லேட்டும் அடையும் அற்பமானவைதாம். ஆனால் சிறிய சீட்டு கண்ணில் படும் நாட்டில் பெரிய சீட்டை மறைப்பது எளிதன்று.

நம் நாட்டிலோ ஆங்கிலேயர் 1923-இல் விட்டுச் சென்ற அலுவல் இரகசியச் சட்டத்தின் நிழல் நீண்டகாலம் படிந்திருந்தது. தகவல் உரிமைக்கு இந்தியாவில் முதன்முதலாகச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழகமே. திருவள்ளூர் மாவட்டம் பிறந்த அதே 1997-இல் அது நிறைவேறியது. பெருமைப்படலாம், ஆனால் அளவோடு. இருபதுக்கு மேற்பட்ட விலக்குகளைச் சுமந்த அச்சட்டத்தால் பயன் பெற்றோர் சிலரே.

உயிருள்ள போராட்டம் இராஜஸ்தானத்தின் வறண்ட மண்ணிலிருந்து வந்தது. பஞ்சநிவாரண வேலையில் உழைத்தும் முழுக்கூலி பெறாத ஏழைகள், தங்கள் பெயர் எழுதிய வருகைப் பட்டியலைக் காட்டுங்கள் என்றனர். 1994 டிசம்பர் 2-இல் கோட் கிரானா சிற்றூரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பட்டியலையும் சீட்டுகளையும் ஊர்நடுவே உரக்கப் படித்தார்கள். இத்தகைய விசாரணைகளில் இறந்தவர் பெயரும், ஊரைவிட்டே போய்விட்டவர் பெயரும் கூலி பெற்றோர் பட்டியலில் எழுந்து வந்தன. 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. இப்படித் தொடங்கிய இயக்கத்தின் கனியே 2005-ஆம் ஆண்டின் நடுவண் தகவல் உரிமைச் சட்டம். உத்திரமேரூர் அவையில் இடம்பெறாதவர்களே இங்கே அவையாகக் கூடினர்.

அட்டை வருமுன்னரே அட்டையின் வேலையைச் செய்த ஒரு தாள் நம் கருவூலங்களில் உண்டு. அவசரச் செலவுக்கென வவுச்சர் இல்லாமல் சுருக்கப் பட்டியலைக் கொடுத்து அலுவலர் பணம் எடுக்கலாம். பின்னர் சீட்டுகளுடன் விரிவான பட்டியல் தந்து அதனைச் சரிக்கட்டவேண்டும். ஆனால் பணம் எடுத்த அன்றே கணக்கில் அது செலவாகிவிடுகிறது. விரிவான பட்டியல் வராவிட்டால் ஏட்டில் எந்த ஓட்டையும் தெரியாது. பல மாநிலங்களில் இப்பட்டியல்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடப்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டி வந்திருக்கிறார். பீகாரில் இது 2010-இல் பாட்னா உயர்நீதிமன்றம் வரை சென்றது.

இந்த வகையில் அட்டை நல்லதே என்பது நம் கருத்து. எந்தக் கடை, எந்த நாள், எத்தனை ரூபாய் என்பதை அது தானே எழுதிவைக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு வங்கிக்கும் அலுவலகத்திற்கும் இடையிலேயே நின்றுவிட்டால் பழைய சுருக்கப் பட்டியலுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? நம் கவலைக்குக் காரணம் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவு, தனிநபர் பற்றிய தகவலை மறுக்க இடந்தந்தபோதே, பொதுநலன் இருந்தால் தரலாம் என்றும் அங்கேயே சொல்லியிருந்தது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாசகத்தைச் சுருக்கிவிட்டது. பொதுநலனுக்காக வெளியிட வேறொரு உட்பிரிவு இருக்கிறது என்று அரசு கூறுகிறது. ஆயினும், கையெழுத்திட்ட அலுவலரின் பெயரே தனிநபர் தகவல் என்று கூறி மனுவைத் திருப்பியனுப்ப விரும்புவோர்க்குக் கதவு அகன்றுவிட்டது.

பிறரைக் கேட்கும் நாம் நம் வீட்டையும் பார்க்கவேண்டும். இறைமக்கள் அளித்த காணிக்கைகளுக்கு அவர்களிடமே கணக்கு ஒப்புவிக்கவேண்டும் என்று 1983-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1287-ஆம் விதி கூறுகிறது. கொரிந்து சபையின் பெருங்கொடையை எருசலேமுக்கு எடுத்துச் செல்லுகையில் பவுலடியார் தம்முடன் பிறரையும் சேர்த்துக்கொண்டது எதனால் என்பதை அவரே தம் இரண்டாம் திருமுகத்தில் எழுதியிருக்கிறார். ஆண்டுக் கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டும் பங்குகள் உண்டு, ஒட்டாத பங்குகளும் உண்டு.

நம் எழுத்தரிடம் திரும்புவோம். கவரப்பேட்டைப் பக்கமோ பொன்னேரிப் பக்கமோ ஒரு ஊராட்சியில் அவர் குடியிருக்கிறார். அங்கே சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்துள்ளன. முதல் நான்கு நாள்களும் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைகளுக்கு விடுமுறை நாள்கள். சங்கு ஊதாத அந்தக் காலையில் வரவு செலவு படிக்கப்படும். பட்டியலின் அடிப்பகுதியில் "இதரச் செலவுகள்" என்று ஒரு வரி வரும். அதற்குரிய சீட்டுகள் எங்கே என்று எழுந்து கேட்க, காசாளர் மேசைக்கு முன் பலமுறை நின்று பழகிய அவரைவிடத் தகுதியானவர் அக்கூட்டத்தில் யார் இருக்கப்போகிறார்?