கச்சா எண்ணெயின் அமில நீக்கம்: உலோக ஆக்சைடு வினையூக்கியா, வினைபொருளா?

கச்சா எண்ணெயின் அமிலத்தன்மைக்குப் பெரும்பாலும் நாஃப்தீனிக் அமிலங்களே காரணம். ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டுமோ, அதுவே அதன் அமில எண். அது 0.5-ஐத் தாண்டினாலே சுத்திகரிப்பு ஆலைகள் உஷாராகிவிடும். ஏறத்தாழ 220 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை இவ்வமிலங்கள் எஃகை அரிக்கும். ஆப்பிரிக்காவின் சாடு நாட்டு டோபா எண்ணெயில் இவ்வெண் 4-க்கும் மேல். அதை அமிலம் குறைந்த எண்ணெயோடு கலந்துதான் ஆலைகள் சமாளிக்கின்றன. காரக் கரைசலால் கழுவினால், உண்டாகும் சோப்பு எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் பால்மமாக்கிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் திட ஆக்சைடுகள் முன்வைக்கப்படுகின்றன. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2006-இல் மெக்னீசியம் ஆக்சைடைக் கொண்டு நாஃப்தீனிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியை நீக்குவது பற்றி எழுதினர். அதன்பின் வந்த பல கட்டுரைகளில் அமில எண்ணின் வீழ்ச்சியே வினையூக்கத்துக்குச் சான்றாகிவிடுகிறது. இதை ஏற்பதற்கில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமில எண் 4 என்றால் ஒரு டன் எண்ணெயில் சுமார் 71 மோல் அமிலம். ஒரு மெக்னீசியம் ஆக்சைடு இரண்டு அமில மூலக்கூறுகளை நடுநிலையாக்கும், ஆகவே 1.44 கிலோ போதும். எடையில் ஒரு விழுக்காடு ஆக்சைடு சேர்த்தாலே அது தேவையைப்போல் ஏழு மடங்கு. வினையூக்கம் துளியும் நிகழாமலே அமில எண் விழ இது தாராளம்.

கார்பாக்சில் நீக்க வினை நிகழ வாய்ப்பே இல்லை என்று சொல்லவில்லை. கால்சியம் அசிட்டேட்டைச் சூடாக்கி அசிட்டோன் வடித்தது பழைய தொழில்முறை. நாஃப்தீனேட் உப்பும் அதேபோல் கீட்டோனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் சிதையக்கூடும். அதற்குப் போதிய வெப்பம் வேண்டும். குறைந்த வெப்பத்தில் வினை உப்போடு நின்றுவிடும். அந்த உப்பு எண்ணெயில் கரைந்து அடுத்த அலகுக்கும் போகும்.

பயன்பட்ட திடப்பொருளின் அகச்சிவப்பு நிறமாலையில் 1550–1600 செ.மீ⁻¹ பகுதியில் கார்பாக்சிலேட் முகடு ஓங்கியிருந்தால், அமிலம் உப்பாகிப் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே ஐயுற வேண்டும். வெளிவரும் வாயுவை மட்டும் அளப்பதும் போதாது. கால்சியம் ஆக்சைடு கார்பன் டை ஆக்சைடை விழுங்கிக் கார்பனேட் ஆகிவிடும். எனவே திடப்பொருளில் அமிலம் விட்டு, பொங்கிவரும் வாயுவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எரித்துப் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்தும் ஆக்சைடும் ஆலைக்கு உதவும். ஆனால் அதன் பெயர் பரப்பு உறிஞ்சி. அதற்கேற்பவே செலவையும் கணக்கிட வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இருப்புக் கணக்கு, எண்ணெயில் கரைந்த உலோக அளவு, எரிக்காமலே தொடரும் செயல்திறன் ஆகிய மூன்றையும் காட்டாத கட்டுரையில் ‘வினையூக்கி’ என்ற சொல்லை ஆய்விதழ்கள் அனுமதிக்கக் கூடாது.